தாங்கும் தோள்களும் தாங்கப்படும் மையமும்



காவிரியின் வடகரையில், முசிறிக்கு மேற்கே, வாழைத் தோட்டங்களின் நடுவே அமைந்திருக்கும் தொட்டியத்தில், பங்குனித் திருவிழாவின்போது மதுரகாளியம்மன் எழுந்தருளும் தேர், பிற ஊர்த் தேர்களைப் போல வடம் பிடித்து இழுக்கப்படாமல், மனிதருடைய தோள்களின்மேல் ஏறி ஊர்வலம் வருவதை இவ்வவையில் பலர் கண்டிருப்பீர்கள். நான் சிறு பிள்ளையாய் இருந்தபோது, அத்தேரின் அடியிலிருந்து வியர்வை ஒழுக வெளிவந்த என் சித்தப்பாவின் தோளில் தண்டு பதிந்திருந்த தழும்பைத் தடவிக்கொண்டே, "உங்க தோள்ல எவ்வளவு கனம் இருந்துச்சு, சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "நிக்கிறப்போ ஒரு கனம், எட்டு வைக்கிறப்போ ஒரு கனம், மொத்தம் மட்டுந்தான் மாறாது, தம்பி" என்றார். அந்த விடையின் ஆழம் எனக்குப் புலப்படுவதற்குக் கணிதத்தில் பல்லாண்டுப் பயிற்சி வேண்டியிருந்தது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமும் அதுவேதான். ஒரு சமஷ்டிக்கு மையம் உண்டு என்று காட்டுவது இவ்விஷயத்தின் எளிய பாதி. அந்த மையத்தை எந்த எந்த வியஷ்டிகள், எந்த எந்தப் பங்கில் தாங்குகின்றன, அந்தப் பங்கீடு ஒன்றேயா பலவா என்று ஆராய்வது அதன் அரிய பாதி. அந்த இரண்டாம் பாதியில், சென்னைக் கல்லூரிகளில் படித்து வெளிச்சென்ற இளைஞர் சிலர் செய்த காரியம், உலகம் அறிந்த அளவுக்கு நம் ஊர் மாணவர்களால் அறியப்படவில்லை என்பதே என்னை இம்மேடைக்குக் கொண்டுவந்த குறை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மேனாட்டார் இம்மையத்துக்கு வைத்த பெயரின் முற்பகுதி, கனம் என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல். வடமொழியில் கனமானதைக் குறிக்கும் 'குரு' என்னும் சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று மொழிநூலார் காட்டியிருக்கிறார்கள். குருத்துவ மையம் என்று சொல்லலாம். ஆயினும் தேர் தூக்குகிறவர் வாயில் வழங்கும் சொல்லுக்கு அண்மையில் நிற்பது நலம் என்று கருதி, பாரமையம் என்றே இச்சொற்பொழிவு முழுவதும் வழங்குகிறேன்.

ஆறடி நீளமுள்ள ஒரு மூங்கில் கழியில் 15 கிலோ எடையுள்ள ஒரு பூவன் தாரைக் கட்டி, முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாக இருவர் தூக்கிச் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தார் முன்னவருடைய தோளிலிருந்து இரண்டடி தூரத்தில் தொங்குமானால், முன்னவர் 10 கிலோவையும் பின்னவர் 5 கிலோவையும் சுமப்பார். கிட்ட இருப்பவருக்குப் பங்கு மிகுதி, எட்ட இருப்பவருக்குக் குறைவு. இவ்விதியை ஆர்க்கிமிடீஸ் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே நிரூபித்திருந்தார். மொத்த எடையால் வகுத்துவிட்டால், முன்னவருடைய பங்கு மூன்றில் இரண்டு, பின்னவருடையது மூன்றில் ஒன்று. கூட்டினால் ஒன்றாகின்ற, குறை எண்கள் கலவாத இத்தகைய பங்கீட்டுக்குத்தான் நிகழ்தகவு அளவை என்று பெயர். ஆகவே எடையைப் பற்றிய பேச்சும் நிகழ்தகவைப் பற்றிய பேச்சும் இவ்விடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. 1827-ஆம் ஆண்டில் மோபியஸ் என்னும் ஜெர்மானியர், ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளில் வைக்க வேண்டிய எடைகளைக் கொண்டே அதனுள் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் முகவரி எழுதலாம் என்று காட்டி, ஒரு கிரந்தமே இயற்றினார்.

முக்கோணத்தின் மூன்று மூலைகளில் மூவர் நின்று ஒரு பாரத்தைத் தாங்கினால், பாரம் இருக்கும் இடம் தெரிந்தவுடன் ஒவ்வொருவர் பங்கும் ஐயத்துக்கு இடமின்றி நிர்ணயமாகிவிடுகிறது. ஆனால் நான்கு மூலைத் தேரில் அவ்வாறு இல்லை. எதிரெதிர் மூலைகளில் நிற்கும் இருவர் தலைக்கு ஐந்து கிலோ குறைத்துக்கொண்டு, மற்ற இருவர் தலைக்கு ஐந்து கிலோ கூட்டிக்கொண்டால், தேரின் பாரமையம் ஒரு விரற்கடை கூட நகர்வதில்லை. தாங்குகிறவர்களுடைய பங்கீடு மட்டும் மாறிப்போகிறது. திருவரங்கத்தில் நம்பெருமாளைத் தோளுக்கினியான் பல்லக்கில் ஏளப்பண்ணும் ஸ்ரீபாதந்தாங்கிகள் நடையை மாற்றும்தோறும் ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்குப் பாரம் ஓடிக்கொண்டே இருப்பதும், பெருமாளுடைய ஸ்தானம் தண்டுகளின் நடுவே நிலைபெற்றிருப்பதும் இக்காரணத்தால்தான். என் சித்தப்பா சொன்னதும் இதுவே. மூவர் தாங்கினால் பங்கீடு ஒன்று. நால்வர் தாங்கினால் பங்கீடுகள் எண்ணிலடங்கா. இந்த அற்பம் போன்ற பேதத்திலிருந்துதான் இருபதாம் நூற்றாண்டின் மிக அழகிய சித்தாந்தங்களுள் ஒன்று முளைத்தது. முக்கோணத்தின் குணத்தை, அதாவது பங்கீடு ஒன்றே என்னும் குணத்தை உடைய உருவங்களுக்குச் சிம்ப்ளெக்ஸ் என்று பெயர்; இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, மேலே செல்வதற்கு வேண்டிய மற்ற இரு சொற்கள்: குவி, கச்சிதம். ஓர் உருவத்தின் எந்த இரு புள்ளிகளை எடுத்துக்கொண்டாலும் அவற்றை இணைக்கும் நேர்கோடு முழுவதும் உருவத்துக்குள்ளேயே அடங்குமானால் அது குவி உருவம். அதில் எங்கெங்கு எடைகளை வைத்தாலும் அவற்றின் மையம் வெளியே போவதில்லை. கச்சிதம் என்று நான் சொல்லும் குணமோ இன்னும் சூட்சுமமானது. முடிவில்லாத ஒரு கோட்டில் 2 என்ற இடத்தில் அரைப் பங்கையும், 4 என்ற இடத்தில் கால் பங்கையும், 8 என்ற இடத்தில் அரைக்கால் பங்கையும் இவ்வாறே மேன்மேலும் வைத்துக்கொண்டே போனால், பங்குகளின் மொத்தம் ஒன்றுதான். ஆயினும் ஒவ்வோர் இடமும் மையத்தை ஓரலகு தூரம் வலப்புறம் தள்ளுவதால், மையம் எங்கும் நிற்காமல் அனந்தத்தை நோக்கி ஓடிவிடுகிறது. இவ்வாறு ஓடவிடாமல் காக்கும் கரைதான் கச்சிதம். காவிரிக்குக் கரை எதற்கு என்று எங்கள் பக்கத்து விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. கச்சிதம் எதற்கு என்பதும் அப்படியே விளங்கும் என்று நம்புகிறேன்.

எண்ணற்ற பரிமாணங்களையுடைய வெளியில், புள்ளிகளுக்குப் பதிலாகச் சார்புகளோ அளவைகளோ உறுப்பினராக இருக்கும் குவி உருவத்தில், மையம் என்பதற்கு என்ன அர்த்தம்? கையால் தொட்டுப் பார்க்க இயலாத அவ்விடத்தில் கணிதர் மேற்கொண்ட உபாயம் மிக எளியது. தொடர்ச்சியுடைய நேரியல் அளவுகோல் எதைக் கொண்டு அளந்தாலும், ஒரு புள்ளியில் அது காட்டும் மதிப்பும், அளவையின்படி எல்லாப் புள்ளிகளிலும் அது காட்டும் மதிப்புகளின் சராசரியும் ஒன்றாகவே இருக்குமானால், அந்தப் புள்ளியே அந்த அளவையின் பாரமையம். இரு வேறு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் அளவுகோல் ஒன்று எப்போதும் உண்டாகையால், இத்தகைய புள்ளி இரண்டு இருக்க முடியாது. ஒன்றாவது இருக்குமா என்றால், முதலில் சில அளவுகோல்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றுக்குப் பொருந்தும் புள்ளிகள் உண்டென்று காட்டலாம். எந்தச் சில அளவுகோல்களை எடுத்தாலும் பொருந்தும் புள்ளிகள் உண்டாகையால், எல்லா அளவுகோல்களுக்கும் ஒருசேரப் பொருந்தும் புள்ளி ஒன்றும் இருந்தே தீர வேண்டும் என்று கச்சிதம் உறுதி அளிக்கிறது. மையம் உண்டு, அது ஒன்றே என்னும் இரண்டும் இவ்வளவில் முடிந்துவிடுகின்றன.

பிறகு எதிர்த்திசைக் கேள்வி எழுகிறது. மையம் கையில் இருக்கிறது. அதைத் தாங்கும் மூலைகள் எவை? வேறு இரு புள்ளிகளின் நடுவே அகப்படாத புள்ளிக்கு முனைப்புள்ளி என்று பெயர். முக்கோணத்துக்கு மூன்று முனைகள். வட்டத்தகட்டுக்கோ விளிம்பு முழுவதும் முனை. பரிமாணம் முடிவுள்ளதாய் இருக்கும் உருவங்களில் முனைகளே எல்லாப் புள்ளிகளையும் தாங்கப் போதும் என்று மின்கோவ்ஸ்கி காட்டினார். தளத்தில் ஆனால் மூன்று முனைகள், முப்பரிமாண வெளியில் ஆனால் நான்கு முனைகள் போதும் என்று எண்ணிக்கையும் சொன்னவர் கரத்தியோடோரி. 1940-ஆம் ஆண்டில் கிரெய்ன், மில்மன் என்னும் இருவர், கச்சிதமான குவி உருவம் எவ்வளவு பரிமாணம் உடையதானாலும் அதன் முனைகளின் சராசரிகளைக் கொண்டு எந்தப் புள்ளியையும் வேண்டிய அளவுக்கு நெருங்கலாம் என்று நிரூபித்தார்கள். நெருங்கலாம் என்பது வேறு, எட்டலாம் என்பது வேறு. அத்தேற்றம் தரும் அளவை முனைகளின்மேலேயே நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. முனைகளை மிக நெருங்கிய ஓரங்களிலும் அது கால் ஊன்றியிருக்கலாம். அந்தக் குறையைப் போக்கி, அளவை முனைகளின்மேலேயே நிற்குமாறு செய்யலாம் என்று, தூர அளவு அமைந்த உருவங்களுக்கு 1956-இல் நிரூபித்தவர் ஷொக்கே என்னும் பிரெஞ்சுக் கணிதர். உருவம் சிம்ப்ளெக்ஸாய் இருக்கும்போது மட்டுமே எல்லாப் புள்ளிகளுக்கும் பங்கீடு ஒன்றாகும் என்பதும் அவருடைய சித்தாந்தத்தின் ஒரு பகுதி. 1959-இல் பிஷப், தெ லேவ் என்னும் இருவர் இதனை மேலும் விரித்தார்கள்.

ஓரங்களுக்கும் முனைகளுக்கும் இடையே உள்ள இந்த மயிரிழைப் பேதத்துக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். அதற்குச் சரியான விடை, ஷொக்கேயின் தேற்றம் வந்த ஐந்தே ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து வந்தது.

கல்கத்தாவில் மகாலனோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு, ஐம்பதுகளின் பிற்பகுதியில் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து வி. எஸ். வரதராஜனும், விவேகானந்தா கல்லூரியிலிருந்து கே. ஆர். பார்த்தசாரதியும், சற்றுப் பின்னர் மாநிலக் கல்லூரியிலிருந்தே எஸ். ஆர். எஸ். வரதனும் சென்று சேர்ந்தார்கள். சி. ஆர். ராவின் ஆதரவில், ரங்கா ராவ் என்னும் நான்காமவருடன் சேர்ந்து, ஆசிரியர் வழி காட்டக் காத்திராமல் ஒருவருக்கொருவர் ஆசிரியராய் அமைந்து, அளவைகளின் வெளியையே ஒரு நாடாகக் கொண்டு அதன் மூலை முடுக்கெல்லாம் நடந்து பார்த்தார்கள். இவர்களுக்கு முன்பே அதற்குரிய நிலம் தென்னாட்டில் பண்பட்டிருந்தது. இத்திருச்சிராப்பள்ளியிலேயே, தூய வளனார் கல்லூரியில், 1937 முதல் 1939 வரை பிரெஞ்சுப் பாதிரியார் சார்லஸ் ரசீன் கற்பித்தார்; பின்னர் சென்னை லயோலாவுக்குச் சென்று, தம் தாய்நாட்டின் புதுக் கணிதத்தை அங்கு ஊன்றினார். வைத்தியநாதசாமி சென்னையில் கணத் தோப்பியலைக் கற்பித்து, 1947-இல் நூலாகவும் வெளியிட்டார்.

மேற்சொன்ன விடையைத் தந்த பார்த்தசாரதியின் 1961-ஆம் ஆண்டுக் கட்டுரையை நம் நிலத்துப் பாஷையில் சொல்ல முயல்கிறேன். முக்கொம்பு மேலணையில் நாள்தோறும் நின்று பார்க்கும் ஒருவர், தண்ணீர் வந்த நாளுக்கு 1 என்றும் வராத நாளுக்கு 0 என்றும் குறித்து, முடிவில்லாத ஓர் ஏடு எழுதுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். அந்த ஏட்டை ஆளும் நிகழ்தகவுச் சட்டம், எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் மாறாமல் இருக்குமானால், அதை மாறா அளவை என்போம். இத்தகைய மாறா அளவைகள் அனைத்தும் சேர்ந்து ஒரு கச்சிதமான குவி உருவம் ஆகின்றன. அவ்வுருவம் ஒரு சிம்ப்ளெக்ஸும் ஆகும். அதன் முனைப்புள்ளிகளுக்குத்தான் எர்கோடிக் அளவைகள் என்று பெயர். வேறு இரு சட்டங்களின் கலவையாகப் பிரிக்க இயலாதவை அவை.

கலவை என்றால் என்ன என்பதை ஒரு நாணயப் பரீட்சையால் தெளிவாக்கலாம். தலை விழும் வாய்ப்பு முக்கால் உள்ள நாணயம் ஒன்று, கால் உள்ள நாணயம் ஒன்று; நம் கண்ணில் படாமல் அவற்றுள் ஏதோ ஒன்றைச் சமவாய்ப்புடன் எடுத்து, அதையே ஓயாமல் சுண்டுகிறார்கள். முதற் சுண்டலில் தலை விழும் வாய்ப்பு அரை. ஆனால் ஏட்டை நீளப் படித்துக்கொண்டே போனால், தலைகளின் விகிதம் முக்காலிலாவது காலிலாவது போய் நிற்குமே தவிர, அரையில் ஒருபோதும் நிற்பதில்லை. பாரமையம் அரையைச் சொல்கிறது. அந்த அரை எவருடைய ஏட்டிலும் இல்லை. ஊரின் சராசரி விளைச்சலைக் கேட்டு ஒரு தனிக் குடியானவனுடைய களத்தை அறிந்துவிட்டதாக எண்ணுகிறவர்கள், இந்த நாணயத்தைச் சிறிது நேரம் மனத்தில் சுண்டிப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். 1931-இல் தெ ஃபினெத்தி என்னும் இத்தாலியர், வரிசை மாற்றத்தால் பாதிக்கப்படாத எந்தத் தலை-பூ ஏடும் இப்படிப்பட்ட நாணயங்களின் கலவையே என்று காட்டினார். 1955-இல் ஹெவிட்டும் சாவேஜும் அதனை முனைகளும் மையமுமாக அமைத்துக் காட்டினார்கள்.

இனிப் பார்த்தசாரதி கண்டது. அந்த உருவத்தில் முனைகள், ஓரத்தில் ஒதுங்கி நிற்கவில்லை. உருவத்தின் எந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டாலும் அதற்கு வேண்டிய அளவு அண்மையில் ஒரு முனை இருக்கிறது. முக்கோணத்தையும் சதுரத்தையும் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு இது நம்ப முடியாத செய்தி. ஆயினும் நிரூபணத்தின் உயிர்க்கருத்தை ஒரு பள்ளி மாணவனுக்கும் சொல்லிவிடலாம். மேற்சொன்ன கலவையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாணயத்தை லட்சம் முறை சுண்டி எழுதுங்கள். அதன் தொடர்ச்சியாக இரண்டாவதை லட்சம் முறை சுண்டி எழுதுங்கள். பின்பு அந்த இரண்டு லட்சம் எழுத்துகளையே முடிவின்றித் திரும்பத் திரும்பப் படி எடுத்துக்கொண்டே போங்கள். ஒரே சக்கரமாய்ச் சுழலும் இந்த ஏட்டைப் பிரிக்க வழியில்லை. ஆகவே அதன் சட்டம் ஒரு முனை. ஆனால் எங்கேனும் ஓரிடத்தில் பத்து எழுத்து அகலமுள்ள ஒரு சாளரத்தின் வழியாகப் பார்க்கிறவருக்கு, ஒட்டுப் போட்ட இடம் கண்ணில் படுவது மிக அரிதாகையால், பாதி வாய்ப்பில் முதல் நாணயமும் பாதி வாய்ப்பில் இரண்டாம் நாணயமுமே தெரியும். கலவைக்கும் இந்த முனைக்கும் பேதம் காண்பது கடினம். இவ்வாறே எந்த மாறா அளவையையும் ஒரு சக்கர ஏட்டால் நெருங்கிவிடலாம்.

இப்போது மயிரிழைப் பேதத்துக்குத் திரும்புவோம். முனைகள் எங்கும் அடர்ந்திருக்கும் இவ்வுருவத்தில், முனைகளை நெருங்கிய ஓரம் என்பது உருவம் முழுவதுமே ஆகிவிடுகிறது. ஆதலால் 1940-ஆம் ஆண்டுத் தேற்றத்தின்படி ஒரு புள்ளிக்குத் தாங்கும் அளவை தேடினால், அந்தப் புள்ளி தன்னைத் தானே தாங்குகிறது என்னும் வெறும் விடையோடு அத்தேற்றம் நின்றுவிடக்கூடும். ஷொக்கேயின் தேற்றமோ இங்கும் முனைகளின்மேல் நிற்கும் அளவையைத் தருகிறது. உருவம் சிம்ப்ளெக்ஸாகையால் அந்தப் பங்கீடும் ஒன்றே. எந்த மாறா அளவையும் எர்கோடிக் அளவைகளின் பாரமையம், அதுவும் ஒரே விதத்தில் என்பதே இதன் பயன். இந்தப் பிரிவினையை, ஒரு நகர்வுக்கு மட்டும் இன்றி, ஒரு பெருங்குலம் முழுவதும் இயக்கும் வெளிகளுக்கும் 1963-இல் நிலைநாட்டியவர் வரதராஜன்.

ஆச்சரியம் இதனோடு முடியவில்லை. அதே 1961-இல், டென்மார்க்கைச் சேர்ந்த பௌல்சன் என்பவர், முனைகள் எங்கும் அடர்ந்திருக்கும் சிம்ப்ளெக்ஸ் ஒன்றைத் தம் கையாலேயே, கட்டடம் கட்டுவது போலக் கட்டி வெளியிட்டிருந்தார். ஒருவர் செயற்கையாய்ச் செய்த அபூர்வ வஸ்துவை, மற்றொருவர் இயற்கையின் நடுவே, 0-1 ஏடுகளுக்குள்ளேயே, கண்டெடுத்தார். 1978-இல் லிண்டன்ஸ்ட்ராஸ், ஓல்சென், ஸ்டெர்ன்ஃபெல்ட் என்னும் மூவர், தூர அளவு அமைந்த இத்தகைய சிம்ப்ளெக்ஸ் உலகில் ஒன்றுதான், எவ்வழியில் கட்டினாலும் அதே உருவம்தான் கிடைக்கும் என்று நிரூபித்தார்கள். ஆகவே பௌல்சன் கட்டியதும் பார்த்தசாரதி கண்டதும் ஒரே வீடு. கணிதத்தில் இதைக் காட்டிலும் மனத்தை நெகிழச் செய்யும் சந்திப்புகள் சிலவே நான் அறிவேன்.

வரதனுடைய காரியத்தில் பாரமையம் வேறொரு வேஷத்தில் வருகிறது. பல சோதனைகளின் சராசரி, எதிர்பார்த்த இடத்தை விட்டு வெகுதூரம் விலகி விழுவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்னும் கேள்விக்கு, அந்த விலகிய இடத்தைப் பாரமையமாகக் கொண்ட அளவைகளையெல்லாம் நிறுத்தி வைத்து, இயல்பான அளவையிலிருந்து குறைந்த செலவில் சென்றடையக் கூடியது எது என்று பார்ப்பதே விடை காணும் வழி. இதே கருத்தின்மேல் எழுந்த பெரு விலகல் கோட்பாட்டை டான்ஸ்கருடன் சேர்ந்து எழுபதுகளில் வளர்த்தவர் வரதன். அவருக்கு 2007-ஆம் ஆண்டு ஆபெல் பரிசு அளிக்கப்பட்டது. அப்பரிசின் செய்தி நம் பத்திரிகைகளில் வந்தது. அதன் உட்பொருள் நம் வகுப்பறைகளுக்கு வந்து சேரவில்லை.

வரதராஜன் 2019-இலும் பார்த்தசாரதி 2023-இலும் காலமானார்கள். பார்த்தசாரதியின் 'மெட்ரிக் வெளிகளில் நிகழ்தகவு அளவைகள்' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயர் தாங்கிய நூல் 1967-இல் வெளிவந்து, இன்றும் உலகெங்கும் ஆராய்ச்சி மாணவர் கையில் இருக்கிறது. முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் தொட்டியத்திலிருந்தும் பேருந்தேறி வந்து இந்நகரக் கல்லூரிகளில் கணிதம் படிக்கும் பிள்ளைகள், குவி உருவத்தை வெறும் வரையறையாக மனனம் செய்துவிட்டுப் போகிறார்கள். அது தங்கள் ஊர்த் தேரின் அடியில் இருக்கிறது என்றும், அதன் மிகப் பெரிய உண்மைகளுள் ஒன்றைத் தங்களைப் போன்ற ஓர் இளைஞர் இருபத்தைந்து வயதளவில் கண்டார் என்றும் அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. இக்குறைக்கு ஆசிரியர்களாகிய நாமே பொறுப்பு. அதில் எனக்குள்ள பங்கை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆகையால் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 0-1 ஏடுகளின் மாறா அளவைகளைச் சக்கர ஏடுகளால் நெருங்கலாம் என்னும் அந்த நிரூபணத்தை, நான் இங்கு வாய்மொழியாகச் சொன்னதை ஆதாரமாகக் கொண்டு, இடைவெளிகளை நீங்களே நிரப்பி, தமிழில், முழுமையாக எழுதுங்கள். பத்துப் பக்கத்துக்கு மேல் வராது. சொல் கிடைக்காத இடத்தில் நல்ல சொல்லை உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஆடி மாதத்துக்குள் இத்துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், ஒவ்வொன்றையும் நான் படித்து, திருத்தம் எழுதி, உங்கள் கையில் திருப்பித் தருகிறேன்.